பி.இ. முடித்தவர் பள்ளிக் கணித ஆசிரியர் ஆக என்ன படிக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.இ. அல்லது பி.டெக். முடித்தவர்கள் தமிழ்நாட்டில் பள்ளிக் கணிதம் கற்பிக்க வருவதற்கு வழி உண்டு. ஆனால் அது ஒரே வழி அல்ல. எந்த வகுப்புக்கு, எந்த வகைப் பள்ளியில் என்பதைப் பொறுத்துத் தேவைப்படும் பட்டம் மாறும். இதைத் தீர்மானிக்காமல் கிடைத்த பி.எட். கல்லூரியில் சேர்ந்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் "உங்கள் பட்டம் பொருந்தாது" என்று கேட்க நேர்பவர்கள் நிறையப் பேர். அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கேள்வி பதில்.

பி.எஸ்சி. கணிதம் படிக்காமல், பி.இ. வைத்துக்கொண்டு கணித ஆசிரியர் ஆக முடியுமா?

முடியும், ஒரு வரம்புக்குள். 2019 டிசம்பரில் தமிழக அரசு ஓர் இணைத்தன்மை ஆணை (ஒரு பட்டம் இன்னொரு பட்டத்துக்குச் சமம் என்று அறிவிக்கும் ஆணை) வெளியிட்டது. பி.இ. பட்டத்துடன் பி.எட். முடித்தவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கணித ஆசிரியர் ஆகலாம் என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 2015-16 கல்வியாண்டு முதல், பொறியியல் பட்டதாரிகளை பி.எட். படிப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்தவர்கள் எந்தப் பணியிடத்துக்கு விண்ணப்பிப்பது என்பதில்தான் நான்கு ஆண்டுகள் தெளிவில்லாமல் கிடந்தது. 2019 ஆணை அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது.

அந்த ஆணை நடுநிலை வகுப்புகளோடு நின்றுவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். "பி.இ., பி.எட். இருந்தால் பிளஸ் டூ வரை எடுக்கலாம்" என்று கல்லூரி விளம்பரங்களில் பார்த்தால் நம்ப வேண்டாம்.

எந்த வகுப்புக்கு என்ன தகுதி? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அடிப்படைத் தகுதிகளை நிர்ணயிப்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அதன் விதிமுறைகள் இவை.

6 முதல் 8 வரை: பட்டப்படிப்பில் குறைந்தது 50 விழுக்காடு, பி.எட்., தகுதித் தேர்வில் தேர்ச்சி. 2010-இல் வெளியான முதல் அறிவிக்கையில் பி.ஏ., பி.எஸ்சி. என்று இருந்தது, 2011 ஜூலைத் திருத்தத்தில் அது பொதுவாக "பட்டப்படிப்பு" என்று மாறியது. பி.இ. படித்தவர்களுக்கு மைய அளவில் கதவு திறந்தது அந்தத் திருத்தத்தால்தான்.

9, 10: இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்தில் 50 விழுக்காடு, பி.எட். இது 2014-ஆம் ஆண்டு விதிமுறை.

11, 12: அந்தந்தப் பாடத்தில் முதுநிலைப் பட்டம், 50 விழுக்காடு, பி.எட்.

இவை குறைந்தபட்சத் தகுதிகள் மட்டுமே. இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும், கேந்திரிய வித்யாலயா போன்ற ஒவ்வோர் அமைப்பும் தன் பணி விதிகளில் "எந்தப் பாடத்தில் பட்டம்" என்று தனியாகக் கேட்கும். விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

பி.எட். சேர பி.இ.-யில் எவ்வளவு மதிப்பெண் வேண்டும்?

கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கு 50 விழுக்காடு. பொறியியல் பட்டதாரிகளுக்கு 55. "அறிவியல், கணிதத்தில் சிறப்புப் பயிற்சியுடன் கூடிய பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம், 55 விழுக்காடு" என்பது 2014 விதிமுறை சொல்வது. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான தளர்வை மாநில அரசு முடிவு செய்யும். அந்தந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டில் அது இருக்கும்.

சிக்கல் தொடங்குவது சி.ஜி.பி.ஏ.-வை விழுக்காடாக மாற்றும்போது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கணக்கு எளிது: சி.ஜி.பி.ஏ.-வைப் பத்தால் பெருக்கினால் போதும். 6.2 என்றால் 62 விழுக்காடு. ஆனால் சில பல்கலைக்கழகங்கள், 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழும (ஏ.ஐ.சி.டி.இ.) முறையைப் பின்பற்றுகின்றன. அதே 6.2 அங்கே 54.5 விழுக்காடு. அரைப் புள்ளியில் தகுதி போய்விடும். அந்த முறையில் 55 வர வேண்டுமானால் 6.25 தேவை.

ஆகவே, விண்ணப்பிப்பதற்கு முன்பே உங்கள் பல்கலைக்கழகத்திடம் மாற்றுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்திலேயே வாய்பாடு அச்சிட்டிருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். நாமே கணக்குப் போட்டு எழுதும் விழுக்காட்டை எந்த அலுவலகமும் ஏற்காது.

எந்தப் பிரிவு பி.இ. என்பது முக்கியமா? பி.எட்.-இல் எந்தப் பாடத்தை எடுப்பது?

பிரிவைவிட இரண்டாவது கேள்விதான் பெரிது. பி.எட். சான்றிதழில் நீங்கள் எந்தப் பாடத்தின் கற்பித்தல் முறையைப் படித்தீர்கள் என்பது பதிவாகும். கணித ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் அங்கே கணிதம் இருப்பதுதான் பாதுகாப்பு.

நடைமுறையில் நடப்பது வேறு. கணினிப் பொறியியல் படித்து வருபவரைக் கணினி அறிவியல் கற்பித்தலில் சேர்த்துவிடுவார்கள். மெக்கானிக்கல், சிவில் என்றால் இயற்பியல் அறிவியல். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சேர்க்கையின்போது சொல்வார்கள். பல்கலைக்கழகப் பதிவு முடிந்துவிட்டால் மாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: விண்ணப்பத்தில் எந்தக் கற்பித்தல் பாடம் எழுதப்பட்டிருக்கிறது, அந்த ஆண்டுக்கான தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை வழிகாட்டுதல் உங்கள் பிரிவுக்கு அந்தப் பாடத்தை அனுமதிக்கிறதா, கல்லூரியில் அந்தப் பாடத்துக்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா. மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கணிதக் கற்பித்தலுக்கு ஆள் இல்லாத கல்லூரியில் அந்தத் தாளை வேறு பாடத்தவர் ஒப்புக்கு நடத்துவார்; ஆண்டு முழுவதும் வீண்.

கணிதம் கிடைக்காமல் இயற்பியல் அறிவியல்தான் கிடைத்தது என்றால், 2019 இணைத்தன்மை ஆணையின் முழு உரையையும் எடுத்துப் படியுங்கள். எந்த பி.எட். பாடத்தோடு சேர்ந்த பி.இ. எந்தப் பணிக்கு இணை என்பதில் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். செய்தித்தாள் சுருக்கத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.எட். படிக்கலாமா?

முடியாது. தொலைநிலை பி.எட். இரண்டு வகையினருக்கு மட்டுமே: தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் ஆசிரியர்கள், ஏற்கெனவே நேரடி முறையில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் படிப்பை முடித்தவர்கள். பி.இ. மட்டும் முடித்த ஒருவர் இந்த இரண்டிலும் வர மாட்டார். இக்னோவுக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் இதே விதிதான்.

"கல்லூரிக்கு வரவே வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்" என்று சொல்லி, பிற மாநிலக் கல்லூரிகளில் சேர்த்துவிடும் முகவர்கள் உண்டு. விதிப்படி பி.எட்.-க்கு வகுப்பு வருகை 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சியில் வருகை 90 விழுக்காடு கட்டாயம். படித்ததாகச் சொல்லும் அதே இரண்டு ஆண்டுகளில் சென்னையில் ஒரு நிறுவனத்தில் முழுநேர ஊழியராக வருங்கால வைப்பு நிதி கட்டியிருந்தால், அந்தப் பட்டத்தின் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு ஆண்டுகளில் என்ன சொல்லித்தருகிறார்கள்?

குழந்தை வளர்ச்சி, கற்றல் கோட்பாடுகள், சமூகமும் கல்வியும், மதிப்பீட்டு முறைகள், தேர்ந்தெடுத்த பாடத்தின் கற்பித்தல் முறை, இவற்றோடு பள்ளிப் பயிற்சி. ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலைநாட்கள். பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரங்கள்: முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. அந்தப் பயிற்சி இரண்டு நிலைகளில் நடக்க வேண்டும். நடுநிலையும் உயர்நிலையும், அல்லது உயர்நிலையும் மேல்நிலையும்.

பி.இ. படித்தவர்கள் இந்தப் பள்ளிப் பயிற்சியை நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் எடுத்துக்கொள்வது நல்லது. வேலை கிடைக்கப்போவது அங்கேதான். பிளஸ் ஒன் வகையிடல் நடத்துவது அவர்களுக்குப் பழகிய பாதை என்பதால் அங்கே போக ஆசை வரும். ஆறாம் வகுப்பில் பின்னத்தை நடத்திப் பார்த்தவருக்கே பயிற்சி உண்மையில் பயன்படும்.

பி.இ. நான்கு ஆண்டுப் படிப்பு. அதனால் ஓராண்டு பி.எட். போதும் என்கிறார்களே?

நான்கு ஆண்டு இளநிலை அல்லது முதுநிலை முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். என்ற யோசனை, 2025 தொடக்கத்தில் வெளியான தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் வரைவு விதிமுறைகளில் இருக்கிறது. வரைவை வைத்துப் பணம் கட்டக் கூடாது. விதிமுறை அரசிதழில் வந்து, கல்லூரிக்கு அந்தப் படிப்பை நடத்தும் அங்கீகாரம் எழுத்தில் இருந்து, அதில் பொறியியல் பட்டம் பெயரோடு சொல்லப்பட்டிருந்தால் மட்டும் சேருங்கள்.

ஆசிரியர் தகுதித் தேர்வில் எந்தத் தாள்?

இரண்டாம் தாள். 150 கேள்விகள், 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் 60. பொதுப்பிரிவினருக்குத் தேர்ச்சி 60 விழுக்காடு, அதாவது 90. பிற பிரிவினருக்கான தளர்வு அரசாணைகளால் அவ்வப்போது மாறிவந்திருக்கிறது. நீங்கள் எழுதப்போகும் தேர்வின் அறிவிக்கையில் உள்ளதே செல்லும்.

பி.இ. படித்தவர்கள் இந்தத் தாளில் தோற்பது கணிதத்தால் அல்ல. அந்த 60-இல் பாதி அறிவியல். அதில் தாவரவியலும் விலங்கியலும் உண்டு. பத்தாம் வகுப்போடு உயிரியலை மூட்டை கட்டி வைத்தவர்கள் அங்கே இடறுகிறார்கள். அடுத்த இடறல் தமிழ் இலக்கணம். சமச்சீர்ப் பாடநூல்களில் 6 முதல் 10 வரை அறிவியல், தமிழ் இரண்டையும் வரிவிடாமல் படிப்பதற்கு மாற்று எதுவும் கிடையாது. வழிகாட்டி நூல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, தேர்வு ஆண்டுதோறும் வருவதில்லை. தமிழகத்தில் 2025 வரை, எல்லோருக்கும் பொதுவான தேர்வு 2012, 2013, 2017, 2019, 2022, 2025 அறிவிக்கைகளின்படிதான் நடந்திருக்கிறது. பி.எட். இறுதியாண்டில் இருக்கும்போதே எழுத அனுமதி உண்டு என்பதால், "முடித்துவிட்டு எழுதலாம்" என்று ஒரு வாய்ப்பை விடாதீர்கள். ஒருமுறை வென்றால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். முன்பு இருந்த ஏழாண்டு வரம்பை 2021-இல் நீக்கிவிட்டார்கள்.

தகுதித் தேர்வில் வென்றால் அரசு வேலை கிடைத்துவிடுமா?

கிடைக்காது. 2018-இல் வந்த அரசாணை 149-இன்படி, தகுதித் தேர்வில் வென்றவர்கள் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியம் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அப்படி ஒரு தேர்வை 2024 பிப்ரவரியில் நடத்தியது. அதில் முதலில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள்: 50 மதிப்பெண், தேர்ச்சிக்கு 20. அதைத் தாண்டினால்தான் பாடத்தாளையே திருத்துவார்கள். பாடத்தாள் 150 கேள்விகள்.

பாடத்தாளின் தரம் பி.எஸ்சி. கணிதம். மெய்ப் பகுப்பாய்வு, குலங்கள், வளையங்கள், கலப்பெண் பகுப்பாய்வு என்று வரும். தகுதித் தேர்வை எட்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து வென்றவர்கள் இங்கே திகைத்துப்போகிறார்கள். பொறியியல் கணிதத்தில் லாப்லாஸ் உருமாற்றம் போட்ட கைக்கு, ஒரு தொடர்முறை ஏன் ஒருங்குகிறது என்று நிறுவும் பழக்கம் இருக்காது. குறைந்தது ஓராண்டு பி.எஸ்சி. பாடநூல்களோடு உட்கார வேண்டும்.

வயதைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: 2023-இல் உயர்த்தப்பட்ட வரம்பு பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொழிற்சாலையிலோ மென்பொருள் நிறுவனத்திலோ இருந்தவர்களுக்கும் இடமிருக்கிறது.

9, 10 வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்க வேண்டும் என்றால்?

அரசுப் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியர் பொதுவாக 6 முதல் 10 வரை எடுப்பார். ஆனால் இணைத்தன்மை ஆணை 6 முதல் 8 வரை என்றே சொல்வதால், பி.இ. மட்டுமே பட்டமாக இருப்பவர் பத்தாம் வகுப்பை உரிமையாகக் கேட்க முடியாது. பதவி உயர்வின்போதும் இது குறுக்கே வரும். தனியார் பள்ளிகளில் நிர்வாகம் கொடுத்தால் எடுக்கலாம், பலரும் எடுக்கிறார்கள்.

உறுதியான வழி, கணிதத்தில் ஓர் இளநிலைப் பட்டம். அதைப் பற்றிக் கீழே.

பி.இ.-க்குப் பிறகு நேராக எம்.எஸ்சி. கணிதம் படித்தால் மேல்நிலை ஆசிரியர் ஆகலாமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் பி.இ. படித்தவர்களை எம்.எஸ்சி. கணிதத்தில் சேர்த்துக்கொள்கின்றன. படிக்கலாம், தேறலாம், பட்டம் செல்லும். ஆனால் தமிழக அரசின் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில், அல்லது அரசாணையால் இணை என்று அறிவிக்கப்பட்ட பாடத்தில் இருக்க வேண்டும். இளநிலை ஒன்று, முதுநிலை வேறு என்றால் அதைக் "கிராஸ் மேஜர்" என்பார்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும் சரிபார்ப்பில் வெளியே போனவர்களில் இந்த வகையினர் அதிகம்.

கேந்திரிய வித்யாலயாவில் நிலைமை வேறு. முதுநிலை ஆசிரியர் பணிக்கு அவர்கள் பார்ப்பது எம்.எஸ்சி. கணிதம் அல்லது பயன்முறைக் கணிதம், 50 விழுக்காடு, பி.எட். ஆகவே பி.இ., எம்.எஸ்சி., பி.எட். என்ற வரிசை மாநில அரசுக்குப் பொருந்தாவிட்டாலும் அங்கே பொருந்த வாய்ப்புண்டு. வயது வரம்பு 40 என்பதைக் கவனியுங்கள்.

அதே கேந்திரிய வித்யாலயாவில் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு நிலைமை தலைகீழ். இளநிலையில் கணிதத்தோடு இயற்பியல், வேதியியல், மின்னணுவியல், கணினி அறிவியல், புள்ளியியல் இவற்றில் இரண்டு பாடங்களைப் படித்திருக்க வேண்டும் என்கிறார்கள். பி.இ. இந்த அச்சில் உட்காராது. ஆக, பத்தாம் வகுப்புக்குத் தகுதியில்லாத ஒருவர் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தகுதி பெறும் விந்தையும் நடக்கும்.

பி.எஸ்சி. கணிதத்தைத் தொலைநிலையில் படிக்கலாமா? பி.எட். படிக்கும்போதே சேர்த்துப் படிக்கலாமா?

தொலைநிலையில் தாராளமாகப் படிக்கலாம். மூன்று ஆண்டுகள். பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டில் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தும் குறிப்பிட்ட படிப்புக்கு இல்லாமல் போகும் நேர்வுகள் உண்டு. 2024 முதல் மாணவரும் அந்தப் பிரிவின் தளத்தில் தனி அடையாள எண் எடுத்த பிறகுதான் சேர முடியும்.

இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று மானியக் குழு 2022 ஏப்ரலில் அனுமதித்தது. ஒன்று நேரடி, ஒன்று தொலைநிலை என்றால் விதிப்படி தடையில்லை. இருந்தாலும் ஆசிரியர் பணியைக் குறிவைப்பவர்கள் பி.எட்.-ஐயும் பி.எஸ்சி.-யையும் ஒரே ஆண்டுகளில் வைக்காமல் இருப்பதே மேல். 2022-க்கு முன்பு இப்படி ஒரே காலத்தில் வாங்கிய பட்டங்களை வைத்து நிராகரிப்பும் வழக்குகளும் நிறைய நடந்திருக்கின்றன. சரிபார்க்கும் அலுவலரோடு வாதாடும் நிலையை நாமே உருவாக்கிக்கொள்வானேன்?

வேலையில் இருந்துகொண்டே மூன்றாண்டு பி.எஸ்சி., பிறகு வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டு பி.எட். கணிதம்: மொத்தம் ஐந்து ஆண்டுகள். நீளம்தான். ஆனால் 10-ஆம் வகுப்பு வரையிலான பட்டதாரி ஆசிரியர் பணிக்கு எந்த இணைத்தன்மை ஆணையையும் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. பிறகு எம்.எஸ்சி. சேர்த்தால் மேல்நிலைக்கும் வழி திறக்கும். முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு பி.இ., பி.எட்., தகுதித் தேர்வு என்ற குறுகிய வழியே பொருத்தம்.

எம்.இ. இருந்தால் கூடுதல் பலமா?

கணித ஆசிரியர் பணிக்கு இல்லை. மேல்நிலைக்குக் கேட்பது கணிதத்தில் முதுநிலை. வெப்பப் பொறியியலிலோ வி.எல்.எஸ்.ஐ.-யிலோ எம்.இ. அந்த இடத்தை நிரப்பாது.

தனியார் பள்ளிகளில் இவ்வளவு பார்ப்பார்களா?

கல்வி உரிமைச் சட்டத்தின்படி 8-ஆம் வகுப்பு வரை தகுதி விதிகள் தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இணைப்பைப் புதுப்பிக்கும்போது ஆசிரியர் பட்டியலையும் தகுதிகளையும் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு மத்தியத் தகுதித் தேர்வான சிடெட் ஏற்புடையது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் வெல்ல வேண்டும் என்று சொன்ன பிறகு, நிர்வாகங்கள் முன்பைவிடக் கவனமாக இருக்கின்றன. பி.எட். இல்லாமல் பி.இ. மட்டும் வைத்து எடுக்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அங்கே சம்பளமும் குறைவு, ஆய்வு வரும் நாளில் பதிவேட்டில் பெயரும் இருக்காது.

டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. படித்தேன். பிளஸ் டூ இல்லை. தகுதி உண்டா?

இதில் வாய்வார்த்தையாக யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். சேர்க்கைக் கையேடுகளில் "10, பிளஸ் டூ, பட்டம்" என்ற வரிசை எழுதப்பட்டிருக்கும். பத்தாம் வகுப்புக்குப் பிறகான மூன்றாண்டு டிப்ளமோவைப் பிளஸ் டூவுக்கு இணையாக எடுத்துக்கொள்வார்களா என்று ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். டிப்ளமோவின் ஆறு பருவ மதிப்பெண் பட்டியல்களையும் பத்திரமாக வையுங்கள், பி.இ. பட்டம் கையில் இருக்கிறதே என்று அவற்றைத் தொலைத்தவர்கள் சரிபார்ப்பு நாளில் படும் பாடு பெரும்பாடு.

நான்கு பருவம் பொறியியல் கணிதம் படித்திருக்கிறோமே, பள்ளிக் கணிதத்துக்கு அது போதாதா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கணினிப் பொறியியல் மாணவர் படிப்பது மூன்று கணிதத் தாள்கள்: அணிகளும் நுண்கணிதமும், புள்ளியியலும் எண்சார் முறைகளும், தனிநிலைக் கணிதம். தலா நான்கு கிரெடிட். பி.எஸ்சி. கணித மாணவர் மூன்று ஆண்டுகளும் கணிதத்தையே முதன்மையாகப் படிக்கிறார். அளவில் உள்ள இந்த வேறுபாட்டைவிடத் தன்மையில் உள்ள வேறுபாடு பெரிது. பொறியாளருக்குக் கணிதம் ஒரு கருவி. விடை சரியாக வந்தால் போதும். பள்ளியில் "ஏன்" என்ற கேள்விக்கு விடை வேண்டும்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் எட்டு இயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியல் நான்கும் பொறியியல் பட்டதாரிக்குச் சிரமம் தராது. எண்களும் தொடர்வரிசைகளும் என்ற இயலில் யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றமும் மட்டு எண்கணிதமும் வரும், பலருக்குப் புதிது. இயற்கணிதத்தில் பல்லுறுப்புக் கோவைக்கு நீள்வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காண வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் கால்குலேட்டர் பிடித்த கைக்கு அது மறந்தே போயிருக்கும். வடிவியலில் தேல்ஸ், கோண இருசமவெட்டித் தேற்றம், சீவாஸ், மெனிலாஸ். பொறியியல் நான்கு ஆண்டுகளில் ஒரு வடிவியல் தேற்றத்தைக்கூட நிறுவியிருக்க மாட்டார்கள். பொதுத்தேர்வில் வரைதல் வினாவும் வரைபட வினாவும் தலா 8 மதிப்பெண். மெல்லக் கற்கும் பிள்ளைகள் தேர்ச்சி பெறுவது பெரும்பாலும் அந்த 16-ஐ நம்பித்தான். கரும்பலகையில் பெரிய கவராயத்தைப் பிடித்துத் தொடுகோடு வரையத் தடுமாறும் ஆசிரியர் அவர்களுக்கு உதவ முடியாது.

கீழ் வகுப்புகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. முக்காலை (3/4) அரைக்காலால் (1/8) வகுக்கச் சொன்னால், "தலைகீழாக்கிப் பெருக்கு, 6" என்று பொறியாளர் உடனே சொல்வார். "ஏன் தலைகீழாக்க வேண்டும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால்? முக்கால் லிட்டர் பாலை அரைக்கால் லிட்டர் டம்ளரில் ஊற்றுவோம் என்று தொடங்க வேண்டும். ஒரு முழு லிட்டருக்கு எட்டு டம்ளர். ஆகவே எத்தனை லிட்டர் இருந்தாலும் எட்டால் பெருக்கினால் டம்ளர்களின் எண்ணிக்கை வந்துவிடும். முக்கால் லிட்டருக்கு எட்டில் முக்கால் பங்கு, ஆறு. அரைக்கால் தலைகீழாகி எட்டாவது இப்படித்தான். பிள்ளைக்கும் புரியும், விதியும் நிற்கும்.

இன்னொரு கேள்வி ஒன்பதாம் வகுப்பில் தவறாமல் வரும்: "பை விகிதமுறா எண் என்கிறீர்கள், ஆனால் 22/7 என்று எழுதுகிறோம். 22/7 விகிதமுறு எண்தானே?" பை வேறு, 22/7 வேறு, 22/7 என்பது பையைவிடச் சற்றே பெரிய ஒரு தோராயம், மூன்றாவது தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடும். 3.14 போட்டுப் பழகியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருப்பார்கள். அதனால்தான் பி.எட். தொடங்குவதற்கு முன்பே 6 முதல் 10 வரையிலான ஐந்து கணிதப் புத்தகங்களையும், பயிற்சிக் கணக்கு ஒன்று விடாமல், கால்குலேட்டர் இல்லாமல், போட்டு முடிக்கச் சொல்கிறோம். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் ஐந்தாறு மாதங்களில் முடியும்.

ஆங்கில வழியில் படித்தவர் தமிழ் வழியில் நடத்த முடியுமா? தமிழ்வழி இட ஒதுக்கீடு கிடைக்குமா?

முதல் கேள்விக்கு: பழக வேண்டும். கோவை, காரணி, மீப்பெரு பொது வகுத்தி, விகிதமுறா எண், திட்டவிலக்கம் போன்ற சொற்கள் வாயில் தயங்காமல் வர வேண்டும். தமிழ்வழி, ஆங்கிலவழிப் பாடநூல்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தாலே பிடிபட்டுவிடும்.

இரண்டாவதற்கு: அரிது. தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்கு, இப்போதைய விதிப்படி, ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பணிக்கான கல்வித்தகுதி வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பி.இ. தமிழ்வழியில் படித்தவர்கள் என்றால், 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் மாணவர்கள் போன்றவர்கள்தான். அவர்கள் பி.எட்.-ஐயும் தமிழ்வழியில் முடித்து, ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிச் சான்று வாங்கி வைக்க வேண்டும்.

சான்றிதழ் சரிபார்ப்பில் பி.இ. படித்தவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

அரியர். பி.இ.-யில் கடைசி அரியர் எழுதித் தேறிய தேதிதான் பட்டம் முடித்த தேதி. அரியர் பாக்கி இருக்கும்போதே பி.எட். சேர்ந்திருந்தால் பி.எட். சேர்க்கையே கேள்விக்குள்ளாகும். அடுத்தது, அறிவிக்கையில் சொன்ன கடைசித் தேதிக்குள் எல்லாத் தகுதிகளும் கையில் இருக்க வேண்டும். மறுநாள் வந்த பி.எட். முடிவு செல்லாது. மூன்றாவது, இணைத்தன்மை அரசாணையின் நகல் இல்லாமல் போவது. சரிபார்க்கும் அலுவலருக்கு எல்லா ஆணைகளும் நினைவில் இருக்காது; எண்ணும் நாளும் தெளிவாகத் தெரியும் நகலை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரி கொடுத்த மதிப்பெண் பட்டியலோடு பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழையும் வைத்திருக்க வேண்டும். தற்காலிகச் சான்றிதழ் எல்லா இடத்திலும் போதாது. பட்டமளிப்பு விழாவுக்குப் போகாதவர்கள் இப்போதே விண்ணப்பித்து அசல் பட்டத்தை வாங்கிவிடுங்கள். பெயரின் முன்னெழுத்து பி.இ. சான்றிதழில் ஒரு மாதிரியும் பி.எட்.-இல் வேறு மாதிரியும் இருந்தால், பி.எட். தேர்வுக்குப் பதிவு செய்யும் கட்டத்திலேயே திருத்துங்கள்.

இப்போது வேலையில் இருக்கிறேன். எந்த வரிசையில் தொடங்குவது?

ராஜினாமாக் கடிதம் கடைசியில். முதலில் மேலே சொன்ன ஐந்து கணிதப் புத்தகங்கள். அது நடந்துகொண்டிருக்கும்போதே சி.ஜி.பி.ஏ. மாற்றுச் சான்றிதழ், அசல் பட்டம், அரியர் விவரம் இவற்றைச் சேர்த்துவிடலாம். குறுகிய வழியா, பி.எஸ்சி. வழியா என்பதை வயதை வைத்து முடிவு செய்யுங்கள். பி.எட். கலந்தாய்வு அறிவிப்பு வந்ததும் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். சுயநிதிக் கல்லூரியைவிடக் கட்டணம் பலமடங்கு குறைவு, வகுப்பும் ஒழுங்காக நடக்கும். கணிதக் கற்பித்தல் இடம் உறுதியானதும் வேலையை விடலாம். இரண்டு ஆண்டுகள் வருமானம் இருக்காது. அதற்குப் பிறகும் தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு என்று காத்திருக்கும் காலம் உண்டு. அதுவரை தனியார் பள்ளிச் சம்பளத்தில்தான் வீடு நடக்க வேண்டியிருக்கும். கையிருப்பைப் போடும்போது இரண்டு ஆண்டுகளுக்கு என்று போடாமல் நான்கு ஆண்டுகளுக்கு என்று போடுங்கள்.